மாடி எடுப்பதற்கு முன் தூணைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: சார், நாங்கள் மண்டபம் பக்கத்தில் வேதாளையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போவார். வீட்டில் எழுந்து நடக்க முடியாத மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2025 மார்ச்சில் மியான்மரில் நிலநடுக்கம் வந்து, எங்கேயோ இருக்கும் பாங்காக்கில் கட்டடம் சரிந்ததை போனில் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. நம் பக்கமும் பெரிய நிலநடுக்கம் வருமா? ராமேஸ்வரத்தில் கடல் உள்வாங்கியது என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அப்போதெல்லாம் ஓட வேண்டுமா? இன்னொன்று, மாமனார் 24 வருஷத்துக்கு முன் கட்டிய தளம் போட்ட வீடு எங்களுடையது. கீழே நடுச்சுவர்களை எடுத்துவிட்டு வலையும் இன்ஜினும் வைக்க இடமாக்கி, மேலே மாடி எடுக்கலாம் என்று மேஸ்திரி சொல்கிறார். செய்யலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் அவசரம். நடுச்சுவரை இடிக்க வேண்டாம். மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, வேலையை நிறுத்தி வையுங்கள். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நம் பக்கம் பெரிய நிலநடுக்கம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியத் தர நிர்ணயத்தின் 2016-ஆம் ஆண்டு வரைபடப்படி ராமநாதபுரம் மாவட்டம் 2-ஆம் மண்டலம். அந்த வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலம் அதுதான். சென்னை அதற்கு ஒரு படி மேலே, 3-ல் இருக்கிறது. குஜராத்தின் கட்ச் பகுதி 5. ஆகவே தினமும் பயந்துகொண்டு தூங்க வேண்டிய இடம் நம்முடையது இல்லை. ஆனால் குறைவு என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமாகாது. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பக்கமும் அந்தக் காலத்து வரைபடத்தில் மிகக் குறைந்த மண்டலமாகத்தான் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை நாலு மணிக்குச் சற்று முன்னால், விநாயகர் ஊர்வலம் முடிந்து ஊரே அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நிலம் ஆடியது. அளவு 6-ஐ ஒட்டித்தான். அதற்கே ஆயிரக்கணக்கான பேர் இறந்தார்கள். உருண்டைக் கல்லை மண்ணில் அடுக்கிய தடித்த சுவர்களும், மேலே கனத்த மண் கூரையுமாக இருந்த வீடுகள் தூங்கியவர்கள் மேலேயே இறங்கிவிட்டன. அதே அளவு ஆட்டத்தில் கட்டுக்கோப்பான ஒரு வீடு விரிசலோடு நின்றுவிடும். நம் தமிழ்நாட்டிலும் 1900-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் 6-ஐ ஒட்டி ஒன்று வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் வந்தது, சென்னை வரை உணர்ந்தார்கள்.

பாங்காக் உங்களைப் பயமுறுத்தியிருப்பது புரிகிறது. அந்த ஊர் நிற்பது மெத்தென்ற களிமண் மேல். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் மெதுவான நீண்ட ஆட்டத்தை அந்த மண் பெரிதாக்கிவிடும். அப்படிப்பட்ட ஆட்டம் உயரமான கட்டடங்களைத்தான் பிடித்து உலுக்கும். விழுந்தது கட்டிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடி. வேதாளையில் உள்ள ஒரு தள வீட்டுக்கும் அதற்கும் பொருத்தமில்லை. நம் கரையில் நான் கவலைப்படுவது இரண்டைப் பற்றி. ஒன்று, தூரத்து நிலநடுக்கத்தைக் கடல் தூக்கிக்கொண்டு வருவது. இன்னொன்று, நம் வீட்டுத் தூணுக்குள் இருக்கும் துரு.

துருவிலிருந்து தொடங்குகிறேன். என் அம்மா வீட்டுக் கதையைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த வீடு. ஒரு நாள் மதியம் அம்மா சோறு வடித்துவிட்டு நகர்ந்த அடுத்த நொடி, அடுப்படித் தளத்திலிருந்து தாம்பாளம் அளவுக்கு ஒரு கான்கிரீட் பாளம் பெயர்ந்து அடுப்பு மேலேயே விழுந்தது. நிலநடுக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. மேலே பார்த்தால் கம்பி கருவாட்டு முள் போலத் தெரிந்தது. பென்சில் கனம் இருக்க வேண்டிய கம்பி, கையால் வளைத்தால் ஒடியும் அளவுக்கு மெலிந்திருந்தது. நான் இந்தக் கட்டடத் தொழிலில் பத்து வருஷம் இருந்த பிறகு, என் சொந்த வீட்டில் நடந்தது இது. சுண்ணாம்பு அடித்துக்கொண்டே இருந்தோம், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.

உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் கான்கிரீட்டுக்குள் மெல்ல மெல்ல நுழைந்து கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் ஊதும். இரும்பு இருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடம் துருவுக்கு வேண்டும். அது உள்ளிருந்து முட்டித் தள்ள, கான்கிரீட் கம்பியின் நீளவாக்கிலேயே பிளக்கும். அதனால் இன்று சாயங்காலமே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு சின்னச் சுத்தியல் எடுத்துக்கொண்டு வீட்டுத் தூண்களை அடியிலிருந்து மேல்வரை, நாலு பக்கமும் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாக இருக்கும் இடம் 'டங்' என்று சொல்லும். உள்ளே விட்டுப்போன இடம் காலிப் பானை போல 'டொப்' என்று சொல்லும். காது உடனே வித்தியாசம் கண்டுபிடித்துவிடும், படிப்பு வேண்டாம். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். மேலிருந்து கீழாகக் கோடு போட்டது போல விரிசல், அதன் ஓரத்தில் காப்பிக் கறை மாதிரிப் பழுப்பு, தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குப் பொரிந்துபோன பூச்சு, இவையும் அடையாளங்கள். பீமின் அடிப்பக்கத்தையும், தளத்தின் உள்பக்கத்தையும், குறிப்பாகக் குளியலறைக்கு மேலேயும் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேயும் பாருங்கள்.

வட்டம் ஒன்றிரண்டோடு நின்றால் பழுது பார்க்கலாம். விட்டுப்போன கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரைக்கும் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, தூணைச் சுற்றிப் புதிதாகக் கான்கிரீட் சட்டை போடுவது முறை. மேலாகச் சிமெண்ட் பூசி மறைப்பது புண்ணுக்கு மேல் பவுடர் போடுவது மாதிரி. வட்டம் பாதித் தூண்களுக்கு மேல் வந்தால், அந்த வீட்டின் மேல் மாடி எடுக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மாடி எடுக்கும் காசை எத்தனை வருஷம் சேர்த்திருப்பீர்கள் என்று தெரியும்.

சரி, தூண்கள் நன்றாக இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். ஏன் நடுச்சுவரை எடுக்கக் கூடாது? தலையில் தண்ணீர்க்குடத்தோடு நிற்கும் ஒருவரின் காலுக்குக் கீழே பாயைச் சட்டென்று இழுத்தால் என்ன ஆகும்? குடம் அங்கேயே நிற்கப் பார்க்கும், கால் மட்டும் போய்விடும். முழங்கால் மடங்கும். நிலநடுக்கத்தில் வீட்டுக்கு நடப்பதும் அதுதான். மேலே எவ்வளவு பாரமோ அவ்வளவு இழுப்பு. கீழ்த்தளத்தில் சுவர்கள் இருந்தால் அவை முழங்காலை மடங்க விடாமல் பிடித்துக்கொள்ளும். சுவரை எடுத்துவிட்டு மேலே இன்னொரு தளமும் அதற்கு மேல் ஆயிரம் லிட்டர் தொட்டியும் வைத்தால், பாரத்தைக் கூட்டி, பிடிமானத்தைக் குறைத்ததாகிவிடும். அந்தத் தொட்டித் தண்ணீர் மட்டுமே ஒரு டன்.

2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு, படிப்பு முடித்த கையோடு நிவாரண வேலைக்குப் போனவர்களில் நானும் ஒருவன். மோசமாக அடிவாங்கிய பூஜ் நகரத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் அகமதாபாத்திலேயே அடுக்குமாடிகள் விழுந்திருந்தன. கீழே வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும், மேலே சுவர்களோடு வீடுகள் என்று கட்டப்பட்டவை அவற்றில் நிறைய. மேல்மாடிகள் அப்படியே முழுசாக இருந்தன, கீழ்த்தளத்தைத்தான் காணோம். ஒரு வீட்டின் முதல் மாடி ஜன்னல் கொக்கியில் துணி உலர்ந்தபடி, தெரு மட்டத்தில் என் இடுப்பு உயரத்தில் இருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். புயல் அலையோ சுனாமியோ வந்தால், கீழே சுவரில்லாமல் தூண் மேல் நிற்கும் வீடுதான் நல்லது. தண்ணீர் தடையில்லாமல் புகுந்து போய்விடும். அதாவது கடலுக்குக் கீழ்த்தளம் திறந்திருக்க வேண்டும், நில ஆட்டத்துக்கு அடைத்திருக்க வேண்டும். புது வீடாக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்துத் தூணையும் அடித்தளத்தையும் பருமனாக வடிவமைக்கலாம், அது ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுத் தர வேண்டிய வேலை. 24 வருஷத்துக்கு முன் ஒரே தளத்துக்காக எழுப்பிய தூணில் அதைச் செய்ய முடியாது. வலையும் இன்ஜினும் வைக்கத் தனியாக ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொள்ளுங்கள். எடை குறைவு, விழுந்தாலும் ஆளைக் கொல்லாது.

பின்னால் புதிதாக எதைக் கட்டினாலும் கம்பி கட்டும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கைப் பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் ரிங்கின் முனையை 'ட' எழுத்துப் போலச் செங்குத்தாக மடித்துவிட்டுப் போய்விடுவார்கள். தூண் ஆடி மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த மடிப்பு விரிந்துவிடும், நெடுங்கம்பிகள் துடைப்பக் குச்சி போலப் பிரிந்து வளையும். முனை இன்னும் கொஞ்சம் மடிந்து, தூணின் நடுவை நோக்கி உள்ளே நுழைந்திருக்க வேண்டும். கணக்கில் 135 டிகிரி, நுழைந்த வால் 3 அங்குலம். தூணின் தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒன்றரை அடி தூரத்துக்கு ரிங்குகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. 2-ஆம் மண்டலத்தில் இது கட்டாயம் இல்லை என்று மேஸ்திரி சொல்லலாம். ஒரு ரிங்குக்கு இரண்டு அங்குலக் கம்பிதான் கூடும், டைல்ஸ் செலவில் ஒரு மூலைக்குக்கூட வராது. கட்டாயம் இல்லாவிட்டாலும் கேட்டு வாங்குங்கள்.

கடற்கரைக்கென்று தர விதி சொல்வது எம்30 என்ற வலுத்தரக் கான்கிரீட், தூணின் கம்பிக்கு வெளியே குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல். நம் பக்கம் வழக்கமாகப் போடும் கலவை அதைவிடப் பலவீனமானது. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் என்ற சின்னச் சிமெண்ட் கட்டையை வைக்காமல் ஜல்லித் துண்டை முட்டுக் கொடுப்பதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள். கலவைக்கும், பிறகு நனைப்பதற்கும் உவர்ப்பு போர்த் தண்ணீர் ஆகாது, குடிக்கிற தண்ணீர்தான். ராமநாதபுரம் மாவட்டத்தில் குடிதண்ணீரைக் கான்கிரீட்டில் ஊற்றச் சொல்வது எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்குத் தெரியும், தள்ளுவண்டியில் குடம் வைத்துத் தள்ளிய வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். லாரித் தண்ணீர்ச் செலவையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். கடல் மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மணல் பூமி என்பதால் அஸ்திவாரத்துக்கு மேல், பேஸ்மட்டத்தில் எல்லாத் தூண்களையும் இணைத்து ஒரு பீம் சுற்றி வர வேண்டும். தூண் இல்லாத சுவர் வீடு கட்டுபவர்களுக்கு: பேஸ்மட்டத்தில் ஒன்று, ஜன்னல் தலைமட்டத்தில் ஒன்று என இரண்டு கான்கிரீட் பெல்ட் நாலு சுவரையும் விடாமல் சுற்றி வரட்டும். பூஜ் பக்கம் கிராமங்களில் அந்தத் தலைமட்டப் பெல்ட் இருந்த வீடும் இல்லாத வீடும் ஒரே தெருவில் எப்படி நின்றன, எப்படிக் கிடந்தன என்பதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இனிக் கடலுக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு சுமத்ராவுக்கு அப்பால் நிலம் பிளந்தது, அளவு 9.1. நம் மாநிலத்தின் கிழக்குக் கரையை அலை தொட்டபோது மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அவகாசம் இருந்தும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை, சொல்ல ஏற்பாடே இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நமக்கு அவ்வளவு அடி விழாததற்குக் காரணம் இலங்கை குறுக்கே நின்றது. அங்கே 30,000 பேருக்கு மேல் செத்தார்கள். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் உறவுகளைப் பறிகொடுத்து அழுத முகங்கள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன. அடுத்த முறையும் அதே போலத் தப்பிப்போம் என்று எழுதிக் கொடுக்க முடியாது. தென்கடல் பக்கம், மன்னார் வளைகுடா தெற்கே ஆழ்கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது.

இப்போது ஏற்பாடு இருக்கிறது. 2007 முதல் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம், கடலில் பெரிய நிலநடுக்கம் வந்த சுமார் 10 நிமிடத்துக்குள் அறிவிப்பு கொடுக்கிறது. எல்லா நிலநடுக்கமும் அலையைக் கிளப்பாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2012 ஏப்ரல் 11-ல் அதே சுமத்ராப் பக்கம் 8.6 அளவில் வந்தது, சென்னையில் ஆடியது, கரையெல்லாம் பதறியது. ஆனால் அங்கே கடலடித் தட்டு மேலும் கீழும் எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. இதையெல்லாம் நம்மால் கரையில் நின்று கணக்குப் போட முடியாது. அறிவிப்பு வந்தால் போய்விட வேண்டும், திரும்பி வரச் சொன்னால் வர வேண்டும். தமிழக அரசின் டிஎன் அலர்ட் செயலியை உங்கள் போனிலும் வீட்டுக்காரர் போனிலும் ஏற்றுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554.

கடல் உள்வாங்கும் செய்திக்கு வருவோம். வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஆழமே இல்லாத கடல், அது உங்கள் வீட்டுக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தரை அவ்வளவு சமமாகச் சரிவதால், நீர்மட்டம் ஓர் அடி இறங்கினாலே கரையிலிருந்து வெகுதூரத்துக்குச் சேறும் பாசியும் தெரியும். அமாவாசை பௌர்ணமி நீர்வற்றலும் காற்றின் தள்ளுதலும் ஒன்றாகச் சேர்ந்தால் படகுகள் தரை தட்டி நிற்கும். ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் பெரும்பாலும் பார்ப்பது அதுதான். அது மணிக்கணக்கில் மெல்ல இறங்கும், அரை நாள் அப்படியே கிடந்து, மெல்ல ஏறும். சுனாமியில் வற்றுவது வேறு. நங்கூரக் கயிறு தொய்வதை நீங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சில நிமிடத்துக்குள், என்றைக்கும் தெரியாத பாறை தெரியும். அப்போது அறிவிப்புக்குக் காத்திருக்கக் கூடாது, துள்ளும் மீனைப் பொறுக்கப் போகக் கூடாது. உள்வாங்காமலே நேராக ஏறி வரும் சுனாமியும் உண்டு என்பதால், நிலம் இருபது நொடிக்கு மேல் ஆடினாலும் அதுவே அறிவிப்பு. காற்றே இல்லாத நாளில் திடீரென்று அலை வீட்டு வாசலுக்கு வருகிறதே, அந்தக் கள்ளக்கடலுக்கும் நிலநடுக்கத்துக்கும் சம்பந்தமில்லை. தொலைவில் எங்கோ அடித்த புயலின் அலை அது. அதற்கும் இன்காய்ஸ் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

எங்கே ஓடுவது? மற்ற ஊர்களில் 'உள்நாட்டுப் பக்கம் ஓடு' என்பார்கள். மண்டபம் பக்கம் நிலமே ஒரு நாக்கு மாதிரி. தென்கடலிலிருந்து ஓடினால் கொஞ்ச நேரத்தில் வடகடல் வந்துவிடும். ஆகவே உங்களுக்குத் தூரத்தைவிட உயரம்தான் முக்கியம். ஊரில் உறுதியான இரண்டு மாடிக் கான்கிரீட் கட்டடம் எது, பள்ளியா, பல்நோக்குப் பாதுகாப்பு மையமா, அதன் மாடிப் படிக்கட்டுச் சாவி யாரிடம், இரவு இரண்டு மணிக்குத் தட்டினால் திறப்பாரா என்று கேட்டு வையுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் இன்னொரு வீட்டிலும் ஒரு சாவி இருக்கட்டும். ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்கள் பாம்பன் பாலத்தை நோக்கி வண்டியைக் கிளப்பவே வேண்டாம். தரைவழி என்று இருப்பது ஒரே ஒரு சாலைப் பாலம், அதில் எல்லோரும் ஏறினால் கடலுக்கு மேலேயே மாட்டிக்கொள்வார்கள். கெந்தமாதன பர்வதமோ பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் இரண்டாம் மாடியோ போதும். ஏறிய பிறகு பல மணி நேரம் இறங்காதீர்கள். முதல் அலைக்குப் பின்னால் வருவது பெரிதாக இருக்கலாம்.

வீட்டுக்காரர் கடலில் இருக்கும்போது அறிவிப்பு வந்தால், குடும்பத்தைப் பார்க்கக் கரைக்கு ஓடி வர வேண்டாம் என்று இன்றே பேசிவிடுங்கள். ஆழக் கடலில் படகுக்குக் கீழே அலை போனதே தெரியாது. 2004-ல் ஆழத்தில் நின்றவர்கள் கரைக்கு வந்துதான் ஊர் போனதை அறிந்தார்கள். 5 கிலோமீட்டர் ஆழத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அலை, 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 36 கிலோமீட்டராகக் குறையும். பின்னால் வரும் தண்ணீர் முன்னால் உள்ளதை நெருக்கி மேலே ஏற்றும். ஆபத்து முழுக்க அந்த ஆழமில்லாத இடத்தில்தான். தென்கடலில் இருந்தால் தெற்கே ஆழம் பார்த்து விலகட்டும், பாம்பன் வாய்க்கால் பக்கம் நெருங்கவே வேண்டாம், அங்கே நீரோட்டம் பிய்த்துக்கொண்டு போகும். கரையில் கட்டியிருக்கும் படகை மீட்க யாரும் போகக் கூடாது.

உங்கள் அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. பாசி எடுப்பவர்கள் தீவோரத்தில் கழுத்தளவு தண்ணீரில், முகம் நீருக்குள்ளே இருக்கும்படி வேலை செய்கிறார்கள். போனைப் படகில் வைத்துவிடுவார்கள். ஒரு குழு போகும்போது ஒருவர் படகிலேயே இருந்து போனையும் கடலையும் பார்க்கட்டும், முறை வைத்து மாறிக்கொள்ளலாம். ஒரு விசில் போதும். 2004-ல் பல ஊர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தது, மீன் வாங்கக் கரையில் நின்றது, நீச்சல் தெரியாதது, புடவை காலில் சுற்றியது என்று காரணங்கள்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். பீரோவைச் சுவரோடு 'எல்' பட்டை வைத்து முடுக்குங்கள், அதுவும் தூங்கும் இடத்துக்கு நேரே நிற்கக் கூடாது. பரண் மேல் இருக்கும் பித்தளை அண்டாவும் அம்மிக்கல்லும் கீழே இறங்கட்டும். மாமியார் கட்டில் ஜன்னலுக்கும் பரணுக்கும் கீழே இருந்தால் நகர்த்துங்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஆடுகிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். நிலம் ஆடும்போது முதலில் தெருவில் விழுவது அதுதான், வெளியே ஓடுகிறவர்கள் தலையில். அதனால் ஆடும்போது ஓடாதீர்கள். கெட்டியான மேஜை இருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் உள்சுவர் ஓரமாகக் குத்துக்காலிட்டுத் தலைமேல் தலையணை. மாமியார் கட்டிலிலேயே இருக்கட்டும், தலையணையால் தலையை மூடுங்கள். ஆட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். அப்புறம் சிலிண்டரை மூடி, மெயினை அணைத்து, வெளியே வந்து, உயரத்துக்குப் போங்கள். வாயு நாற்றம் இருந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள்.

ரேஷன் அட்டை, ஆதார், மீனவர் அடையாள அட்டை, படகுப் பதிவு, பட்டா நகல் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில், மாமியாரின் மாத்திரையோடு ஒரு பையில் கதவுக்குப் பின்னால் தொங்கட்டும். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர், மூன்று நாளுக்கு. குடம் நிரப்பி வைப்பது நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பழக்கம் இல்லை, மூடி வையுங்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

கடைசியாக உங்கள் தெரு. இடிபாட்டிலிருந்து ஆட்களை முதலில் இழுத்து வெளியே போடுவது எங்கேயும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான், தீயணைப்பு வண்டி பிறகுதான் வரும். நம் ஊரில் பாதி நாள் ஆண்கள் கடலில். அதனால் திட்டம் பெண்களை வைத்துத்தான் போட வேண்டும், உங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். தெருவில் நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், மாசமாக இருப்பவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தூக்கப் போகும் இருவர் பெயரை எழுதுங்கள். எழுதினால் போதாது, தூக்கிப் பாருங்கள். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியாரை உட்கார வைத்து, இடுப்போடு ஒரு சேலையால் கட்டி, பின்னால் ஒருவர் சாய்மானத்தையும் முன்னால் ஒருவர் காலையும் பிடித்தால் மாடிப்படி ஏறலாம். முதல் தடவை நிச்சயம் தடுமாறுவீர்கள், மாமியார் திட்டுவார். மூன்றாம் தடவை சரியாக வரும். எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். கோயில், பள்ளிவாசல், சர்ச் மைக்குகள் மூன்றிலும் ஒரே மாதிரி அறிவிக்க அவர்களிடம் பேசி வையுங்கள். கடப்பாரை, லாரி ஜாக்கி, வடக்கயிறு யார் வீட்டில் என்று தெரிந்தால் போதும், வாங்க வேண்டியதில்லை. ஒடிசாவில் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி என்ற இரண்டு கடற்கரைக் கிராமங்கள் இப்படித்தான் வரைபடம், வழிகாட்டிப் பலகை, ஒத்திகை என்று செய்து, 2020-ல் சுனாமிக்குத் தயாரான ஊர்கள் என்று யுனெஸ்கோவின் அங்கீகாரம் வாங்கின. நம்மைப் போன்ற மீனவ ஊர்கள்தான் அவையும். 1964-ல் தனுஷ்கோடி போனதைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு இது முடியாத காரியமில்லை.

தூணைத் தட்டிப் பார்த்து வட்டமிட்டதும், ஒவ்வொரு தூணையும் முழுதாகத் தெரியும்படி படமெடுத்து அனுப்புங்கள். எந்தத் தூண் எந்த மூலையில் என்று ஒரு கோட்டுப்படமும் கூட இருக்கட்டும். பார்த்துவிட்டு மாடியைப் பற்றி எழுதுகிறேன். மேஸ்திரியிடம் அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள், தகரக் கொட்டகை வேலையை வேண்டுமானால் அவரே இப்போது ஆரம்பிக்கட்டும்.